வகுத்ததுல உதிர்ந்த பஞ்சு

என்ன, கம்ப்யூட்டர் கதைன்னதும் எல்லாரும் நிமிந்து உக்காந்துட்டீங்க? இப்ப ஒரு ரோபோ வரும், கண்ணு ரெண்டும் செவசெவன்னு எரியும், "நான்... மனிதன்... அல்ல..."ன்னு தகர டப்பாவுக்குள்ள இருந்து பேசும்னுதானே? அந்தா மூலையில இருக்கவரு, அமெரிக்காவுல இருந்து ஒரு பையன் லேப்டாப்போட வந்து ஊரத் திருத்துவான்னு பாக்காரு. பக்கத்துல உக்காந்திருக்க அம்மா, யாராச்சும் யாரையாச்சும் காதலிச்சாப் போதும்னு இருக்காக. ஒண்ணும் கெடையாது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். வாத்தியாரு காதத் திருகிச் சொல்லிக் குடுத்த அதே நாலுதான் இந்தக் கதையும். எந்திரிச்சுப் போறவுக இப்பவே போயிருங்க, பாதியில போனா செருப்பு மாறிப்போகும்.

போகலையா? சரி, அப்பக் கேளுங்க.

மேக்க மலையும் கெழக்க கரிசக்காடுமா இருக்க ஒரு ஊருல ஒரு நூல்மில்லு. அங்க மெஷினு நிக்காது. பொங்கலுக்கு நிக்கும், கரண்டு போனா நிக்கும், மத்தபடி "ஙொய்ய்ய்ங்"னு அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். மெஷினு நிக்காதுன்னா அதுக்கு முன்னால அறுந்த இழைய ஒட்டுற பொம்பளையும் நகர முடியாது. அவ சாப்பிடப் போகணும்னா இன்னொருத்தி வந்து அவ எடத்துல நிக்கணும். அப்படி வந்து நிக்கிறவளுக்கு மாத்தாளுன்னு பேரு. எந்த மாத்தாளு எந்த மெஷினுக்குப் போகணும், எவ எப்பச் சாப்பிடணும், எவ எப்ப டீ குடிக்கணும்னு நேரத்தப் பங்கு வச்சுக் குடுக்கிறது தவமணியோட வேலை. அவளும் சின்ன வயசுல இழை ஒட்ட வந்தவதான். காலு ரெண்டும் வீங்கி நிக்க முடியாமப் போன பெறகு, கணக்கு நல்லா வருதேன்னு அவளப் பங்கு வைக்க உக்கார வச்சிட்டாக.

மில்லுல கம்ப்யூட்டர் வாங்குனாக. வாங்குனத யாராச்சும் தட்டணுமில்ல? மேனேஜர் தவமணியக் கூப்புட்டு, "நீயே போயிப் படிச்சிட்டு வந்துரும்மா"ன்னுட்டாரு. அப்படித்தான் அவ பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்க, பரோட்டாக் கடைக்கு மாடியில, ஜெபராஜ் சார் நடத்துற சென்டர்ல சேந்தா. கீழ பரோட்டா மாஸ்டரு "டக் டக் டகடக் டக்"னு கொத்துவாரு, மேல ஜெபராஜ் சாரு மூக்கால பேசுவாரு: "மேடம், கம்ப்யூட்டர் ஒரு முட்டாள் மேடம். நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் செய்யும் மேடம். நீங்க நினைக்கிறத செய்யாது மேடம்." தவமணிக்கு அது புதுசா ஒண்ணும் தெரியல. மில்லுல எல்லா மெஷினும் அப்படித்தான்.

'சி'ன்னு ஒரு பாஷை. அதுல அவ மொதமொத எழுதுனது ஒரு கால்குலேட்டர். கறுப்புத் திரையில வெள்ளை எழுத்துல கேக்கும், மொத எண்ணு என்ன, என்ன செய்யணும், ரெண்டாவது எண்ணு என்னன்னு. நீங்க தட்டுனா பதிலு சொல்லும். அம்புட்டுத்தான். ஒரு வரி கடைசியில அரைப்புள்ளி விட்டுப்போச்சுன்னா, மணவறையில மாமன் கோவிச்சுக்கிட்ட மாதிரி எல்லாம் அப்படியே நின்னுபோகும். ஒரு தடவ பூஜ்யத்தால வகுத்துப் பாத்தா, புரோகிராமு தலகுப்புற விழுந்துருச்சு. ஜெபராஜ் சார் சிரிச்சுக்கிட்டே ஒரு வரி சேத்துக் குடுத்தாரு. அதுலருந்து "பூஜ்யத்தால வகுக்க முடியாது தாயி"ன்னு பணிவாச் சொல்லும். ஒரு கணக்கு முடிஞ்சதும் மூடிக்கிட்டு போயிக்கிட்டு இருந்துச்சு, "இன்னும் போடணுமா?"ன்னு கேக்க வச்சாரு. மில்லுல கூட வேலை செய்யிற சீனியம்மா ஒருநா தொணைக்கு வந்தவ சும்மா இருக்க மாட்டாம எண்ணுக்குப் பதிலா தன் பேரத் தட்டிவிட்டுட்டா. அது "மொத எண்ணு என்ன, மொத எண்ணு என்ன, மொத எண்ணு என்ன"ன்னு கடன்காரன் மாதிரி கேட்டுக்கிட்டே ஓட, "ஏ மதினி, எம் பேரக் கேட்டு மெரண்டுபோச்சுடி இது!"ன்னு சீனியம்மா வெளிய ஓடிட்டா. அதையும் சாரு திருத்திக் குடுத்தாரு. இப்படி ஒவ்வொண்ணாத் திருத்தத் திருத்த, பிள்ளைக்குச் சட்டை மாத்திவிட்ட மாதிரி தவமணிக்குச் சந்தோசம்.

வீட்டுலதான் சந்தோசமில்ல. அவ வீட்டுக்காரரு சங்கரபாண்டி அதே மில்லுல புளோ ரூம்ல இருந்தவரு. புளோ ரூமுன்னா பஞ்சுப் பொதியப் பிரிச்சு ஒதறுற எடம். உள்ள போனா எதிர்க்க நிக்கிற ஆளு தெரியாது, அம்புட்டுத் தூசி. அந்தத் தூசியெல்லாம் வருசக்கணக்கா அவரு நெஞ்சுக்குள்ள போயி மெத்தை தச்சு வச்சிருச்சு. ஜன்னலோரமா நாற்காலியப் போட்டு, படுக்க முடியாம, உக்காந்தமேனிக்கே இருமிக்கிட்டு இருந்தாரு. "பங்குனியத் தாண்டுறது செரமம்மா"ன்னு டாக்டரு தவமணியத் தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருந்தாரு. மாசி பாதி போயிருச்சு.

அப்படி இருக்கையில ஒரு வெள்ளிக்கெழம மத்தியானம் தவமணி மில்லு ஆபீசு ரூமு கம்ப்யூட்டர்ல அதே கால்குலேட்டர ஏத்தி, சாப்பாட்டு நேரத்த ஆளுக்கு இம்புட்டுன்னு வகுத்தா. முழுசா வகுபடல. திரையில முழு எண்ணு மட்டும் வந்து நின்னுச்சு, அதையே ஆளுக்குள்ள நேரமா எழுதிக்கிட்டா. கீபோர்டுக்கு அடியில இருந்து, வெள்ளையா, சின்னதா, ஒரு பஞ்சு உதிந்து மேசையில விழுந்துச்சு.

வேற எவளா இருந்தாலும், "இதென்னடா கம்ப்யூட்டருக்குள்ள பஞ்சு"ன்னு ஒரு நிமிசம் வாயப் பொளந்திருப்பா. தவமணி மில்லுக்காரி. மில்லுல பஞ்சு எங்க கெடந்தாலும் கேள்வி கேக்காம எடுத்து இடுப்புப் பையில போட்டுறணும், தரையில கெடந்தா சூப்பர்வைசரு கத்துவாரு. கை அதும்பாட்டுக்கு எடுத்துப் பையில போட்டுக்கிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருச்சு. ஒவ்வொரு வகுத்தலுக்கும் ஒரு சிட்டிகை உதிந்துச்சு. ஒவ்வொண்ணும் பைக்குள்ள போச்சு.

வீட்டுக்கு வந்து பால அடுப்புல வச்சுட்டுப் பைய உதறுனா. அந்நேரம் சங்கரபாண்டி, ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவுல மூச்சுக்குக்கூட எடமில்லாத ஒரு இருமல்ல மாட்டியிருந்தாரு. பஞ்சு மெதந்து போயி அவரு தோளுல உக்காந்துச்சு. அடுத்த இருமல் வரவேண்டிய எடத்துல வரல. ஃபேனு றெக்கை மூணும் தனித்தனியாத் தெரிஞ்சுது, பொங்க வந்த பாலு சட்டி விளிம்புல நின்னு யோசிச்சுது, எதிர்வீட்டு மிக்சி ஒரே சத்தத்தப் புடிச்சு ஆலாபனை மாதிரி இழுத்துக்கிட்டே இருந்துச்சு, ஜன்னல் கம்பியில இருந்து பறக்க எந்திரிச்ச காக்கா ஒண்ணு காலத் தூக்குனமேனிக்கு வெயிலு காஞ்சுது, அந்த வெயிலும் தேன் மாதிரி கெட்டியாகி சுவத்துல மெல்ல மெல்ல வழிஞ்சுது. புருசனும் பொண்டாட்டியும் மட்டும் அதுக்குள்ள எப்பவும் போல இருந்தாக.

"ஏ தவமணி."

"என்னங்க."

"எமன் வர்ற பஸ்ஸு பஞ்சராயிருச்சு போலிருக்கே."

"வாயக் கழுவுங்க. மோரு குடிக்கீங்களா?"

"குடிக்கேன். உப்பக் கொஞ்சம் கூடப் போடு. நீயும் இங்கிட்டு வந்து உக்காரு, ஒம் மூஞ்சியப் பாத்து எம்புட்டு நாளாச்சு."

அவ மோரு கலக்கி, பக்கத்துல உக்காந்து, அவரு குடிச்சு, கல்யாணத்தன்னைக்கு அவரோட சித்தப்பா பந்தியில வழுக்கி விழுந்த கதையப் பேசிச் சிரிச்சு, அதுக்குப் பெறகுதான் பாலு பொங்குச்சு, காக்கா பறந்துச்சு, அவரும் இருமுனாரு. தவமணிக்குப் புரிஞ்சுபோச்சு. கணக்குல எந்தப் பங்குலயும் சேராம உதிர்ற நேரந்தான் இந்தப் பஞ்சு. மறுநாளு பஞ்சு சேக்க டிபன் பாக்ஸக் கழுவித் தொடச்சு, ஈரமில்லாம எடுத்துக்கிட்டுப் போனா.

ஊருக்குள்ள தெரியாம இருக்குமா? சீனியம்மாகிட்டச் சொன்னா தெரு முழுக்க மைக்கு வச்ச மாதிரி. ஆனா பாருங்க, ஒருத்தரும் "இது எப்படிடி?"ன்னு கேக்கல. "எனக்குக் கொஞ்சம் குடுடி"ன்னுதான் கேட்டாக. தோசை கருகுறதுக்குள்ள பிள்ளைக்குச் சடை பின்னணும்னு ஒருத்தி வாங்கிட்டுப் போனா. பஸ்ஸு கெளம்புறதுக்குள்ள ஓடிப் புடிக்கணும்னு ஒருத்தரு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. பரீச்சைக்குப் போற பிள்ளைக காதுல வச்சுக்கிட்டுப் போச்சுக, அத்தர் பஞ்சு மாதிரி. சண்டை போட்டுட்டு அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டுன ஒரு பொண்ணோட புருசன், வாசப்படியில ஒரு சிட்டிகை வச்சுட்டு, அவ தாண்டி வர்றதுக்குள்ள நெனச்சு நெனச்சு ஒரு நல்ல வார்த்தையக் கண்டுபுடிச்சுட்டானாம். பொண்ணு அனுப்புற வீட்டுல தாலிக்கயிறு தட்டுலயே கொஞ்சம் வச்சாக, மக வண்டியேறுறத இன்னும் கொஞ்சம் பாத்துக்கிடலாம்னு. அந்தக் கோடையில ஊரே ஒரு மாதிரி மெதந்துச்சு. தெருவுல நடந்தா ஒரு வீட்டுல காலையும் அடுத்த வீட்டுல மத்தியானமுமா இருக்கும், யாரும் யாரையும் வெரட்டல, ஆட்டோக்காரன்கூட "மெதுவா ஏறுங்கக்கா"ன்னான்.

மில்லு சூப்பர்வைசரு மட்டும் ஒருநா வந்து, தொண்டையக் கனச்சு, "மில்லுக்குள்ள உதிர்ற பஞ்சு மில்லுக்குச் சொந்தம், எடை போட்டுக் கழிவு குடோன்ல சேக்கணும்!"ன்னு குதிச்சாரு. தராசுல போட்டாக. முள்ளு கீழயும் போகல, மேலயும் போகல, பின்னாடி போச்சு. அவரு அதப் பாத்துக்கிட்டே நின்னாரு. நின்னவரு முந்தா நாளு கரண்ட் பில் கட்ட மறந்தது ஞாபகம் வந்து, "சரி சரி, பெருக்கிச் சுத்தமா வைங்க"ன்னு சொல்லிட்டு, தானும் ஒரு சிட்டிகைய மீசையத் தடவுற மாதிரி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

ஆனா ஊரு ஒண்ணுல நேர்மையா இருந்துச்சு. மொதப் பங்கு சங்கரபாண்டிக்கு. அது போகத்தான் மத்தவுகளுக்கு. "அண்ணாச்சிக்கு எடுத்தாச்சா?"ன்னு கேக்காம எவளும் கை நீட்டல. பங்குனி போச்சு. சித்திரை போச்சு. டாக்டரு தெருவுல சங்கரபாண்டியப் பாத்துட்டு ஸ்கூட்டர நிப்பாட்டி, கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டுத் திரும்பவும் பாத்தாரு.

கேக்குற கையி கூடக்கூடப் பஞ்சு பத்தல. தவமணி யோசிச்சா. ஒரு தடவ வகுத்தா ஒரு சிட்டிகை. அப்ப ஒரு பங்கையே திரும்பவும் வகுத்தா? ஒவ்வொருத்தி நேரத்தையும் சாப்பாடு, டீ, ஒண்ணுக்குப் போறது, முகம் கழுவுறதுன்னு பிரிச்சா. பிரிச்சதத் திரும்ப முன்பாதி, பின்பாதின்னு வகுத்தா. "இன்னும் போடணுமா?"ன்னு அது பணிவாக் கேக்கக் கேக்க, "போடு"ன்னு தட்டிக்கிட்டே இருந்தா. பஞ்சு கொத்துக் கொத்தா விழுந்துச்சு. சங்கரபாண்டி கன்னத்துல சதை வச்சுது.

இங்கிட்டு ஜெபராஜ் சாருக்கு ஒரு நமச்சல். மூணு ஷிஃப்டுக்கும் இந்தக் கால்குலேட்டரையே போட்டுறலாம்னு மேனேஜரு அவருகிட்டப் பேசியிருந்தாரு. ஒருநா சென்டர்ல அவ எழுதுனத மேலருந்து கீழ வாசிச்சுப் பாத்தவரு, மூக்கச் சுளிச்சாரு.

"மேடம், எல்லாம் நல்லாயிருக்கு மேடம். இந்த ஒண்ணுதான். நீங்க எண்ணு எல்லாத்தையும் 'இன்ட்'னு வச்சிருக்கீங்க. அது முழு எண்ணை மட்டும்தான் வச்சுக்கும். புள்ளிக்குப் பின்னால வர்றதை ரவுண்டுகூடப் பண்ணாது மேடம், நறுக்கித் தூரப் போட்டுரும். இத 'ஃப்ளோட்'டுன்னு மாத்திட்டா ஒரு துளி வீணாகாது. ஒரே ஒரு வார்த்தைதான் மேடம்."

தவமணி கீபோர்டத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. "அப்படியே இருக்கட்டும் சார்."

"தப்பு மேடம் அது."

"தப்பாவே இருந்துட்டுப் போகட்டும் சார். யாருக்கு நட்டம்?"

 யாருகிட்ட இருந்து நறுக்குதுன்னு அவ நாக்கு நுனி வரைக்கும் ஒரு கேள்வி வந்துச்சு. அத முழுங்கிட்டு, பையத் தூக்கிக்கிட்டுப் படியெறங்கிட்டா.

சாரு மாத்தணும்னு கேட்டப்ப ரெண்டு மூணு தடவ காச்சல்னு சொன்னா, ஒரு தடவ கீபோர்ட எலி கடிச்சிருச்சுன்னா. சாரு விடுறவரா? ஒரு மத்தியானம், ஒரு செட்டுப் பொம்பளைக சாப்பிட உக்காந்த நேரத்துல, மில்லுக்கே வந்துட்டாரு. ஆபீசு ரூமுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவுல ஒரு தட்டிதான். அவரு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, புரோகிராமத் தெறந்து, அந்த வார்த்தையில கொண்டுபோயி விரல வச்சதும் தவமணி அவரு கைய எட்டிப் புடிச்சுட்டா. ஆம்பள கையப் புடிச்சோமேங்கிற நெனப்புகூட அவளுக்கு இல்ல.

"சார், வேண்டாம் சார். அத மாத்துனா எங்க வீட்டுல இருக்கவரு போயிருவாரு சார்."

சத்தங்கேட்டு தட்டியத் தாண்டி பொம்பளைக எல்லாம் எச்சிக் கையோட வந்துட்டாக. சீனியம்மா முன்னால வந்தா.

"என்ன சாரு, எங்க மதினிய அழ வைக்கிறீரு?"

"மேடம், நான் ஒரு தப்பத்தான் திருத்துறேன்..."

"தப்பாம்! ஒரு உசுரு நிக்குதுய்யா அந்தத் தப்புல. எந்திரியும், எந்திரியும். மூக்கால பேசுறதெல்லாம் பரோட்டாக் கடை மாடியில வச்சுக்கிரும்."

"அண்ணாச்சிக்கு ஒண்ணுன்னா நாங்க மெஷினையே நிப்பாட்டிருவோம்!" பின்னால இருந்து ஒருத்தி.

"ஆமா! மிச்சமாப் போறது ஒரு மனுசனுக்குப் போகட்டுமே, ஒமக்கு ஏன் பொத்துக்கிட்டு வருது?" இன்னொருத்தி.

மாத்தக் கூடாதுங்கிறவ எல்லாம் கையத் தூக்குங்கடின்னா சீனியம்மா. பருக்கை ஒட்டுன கையி அம்புட்டும் மேல போச்சு. தவமணி அந்தக் கைகளப் பாத்தா. ஜென்மத்துக்கும் அவளுக்கு யாரும் இப்படிக் கை தூக்குனதில்ல. கண்ணு நெறைஞ்சு வழிஞ்சுது. ஜெபராஜ் சாரு சுத்திமுத்திப் பாத்தாரு, கண்ணாடியக் கழட்டுனாரு, "ஊரே சொல்றப்ப நான் என்ன மேடம் செய்ய"ன்னு மெதுவா விரல எடுத்தாரு. அந்த நேரம் கீபோர்டுக்கு அடியில இருந்து ஒரு பெரிய பஞ்சு, பூ விரிஞ்ச மாதிரி, தானா மெதந்து எந்திரிச்சு எல்லாரு தலைக்கும் மேல நின்னுச்சு. ஜன்னல் வெயிலு அதுக்குள்ள பூந்து பொன்னாப் போச்சு. மெஷினு சத்தம் தாலாட்டு மாதிரி எறங்குச்சு. ஒருத்தியும் கண்ணச் சிமிட்டல.

தட்டிக்கு அங்கிட்டு "டங்கு டணங்கு"ன்னு தட்டு விழுற சத்தம். கேன்டீன்ல சமைக்கிற மொக்கச்சாமி, கூடத்துல ஆளில்லன்னு தட்டெல்லாம் எடுத்து, இருக்கிறத வழிச்சு எச்சி வாளியில கொட்டிக்கிட்டு இருந்தாரு. அவருக்கு இங்க என்ன பஞ்சாயத்துன்னும் தெரியாது, எவ கையத் தூக்குனான்னும் தெரியாது.

"ஏ மொக்கண்ணே, மெதுவாத்தான் போடுமேன். இங்க என்ன நடந்துக்கிட்டிருக்கு, நீரு தட்ட உருட்டுறீரு! ஒம்ம சாம்பார் லட்சணத்துக்குச் சத்தம் வேற. அதான் ஒருத்தியும் முழுசாத் திங்கல, பாத்தீரா?"ன்னா சீனியம்மா, எல்லாரையும் சிரிக்க வைக்க.

எல்லாரும் சிரிச்சாக. தவமணியும் கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிச்சா.

மொக்கச்சாமிக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. வாளிய ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து தட்டி வாசல்ல "தொம்"முன்னு வச்சாரு. சோறு வாளி விளிம்புக்கு மேல கும்பமா நின்னுச்சு. அவரு சோத்தப் பாத்தாரு, மேல நிக்கிற பஞ்சப் பாத்தாரு, தூக்குன கைய எறக்காம நிக்கிற பொம்பளைகளப் பாத்தாரு.

"எஞ் சாம்பாருக்கு என்ன கொறைச்சல்? தின்னு முடிக்க எவளுக்காச்சும் நேரம் விட்டீகளா? மாசியில இருந்து பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடுறீக, இந்த வாளியத் தூக்கித் தூக்கி என் தோளு எறங்கிப்போச்சு! மிச்சம், மிச்சம்ங்கிறீகளே, ஏதுங்கடி மிச்சம்? சங்கரபாண்டி அண்ணாச்சி உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கது உங்க சோத்து நேரத்தை!"